நிறுத்த ஆளில்லாத பயணம்: 1981இல் நியூசிலாந்து சென்ற ஸ்பிரிங்பாக்ஸ்

1981 ஜூலை 19 அன்று தென்னாப்பிரிக்க ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்தில் வந்திறங்கியது. செப்டம்பர் நடுவில் கிளம்பிப் போனது. இடைப்பட்ட 56 நாளில் 16 ஆட்டங்களுக்கு ஏற்பாடு, 14 நடந்தன. பதினொன்றில் வெற்றி, ஒன்று சமன், இரண்டு தோல்வி. ஆட்டக் கணக்கு இவ்வளவுதான்.

அதே 56 நாளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆடுவதை எதிர்த்து 28 ஊர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள். கலந்துகொண்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். வழக்குப் பதிவானவர்கள் சுமார் 1,500 பேர். அந்நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது முப்பது லட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஒரே வீட்டில் அப்பா மைதானத்துக்கும் மகள் ஊர்வலத்துக்கும் போன நாட்கள் அவை.

முள்கம்பியும் மாவுக் குண்டும் படமெடுக்க நன்றாக இருக்கும். இந்த ஆய்வு பிடித்துக்கொள்வது வேறோர் இழையை. இந்தப் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் இரண்டு இடங்களில் இருந்தது: விசா தரும் அரசிடம், அழைப்பு விடுத்த ரக்பி சங்கத்திடம். அரசு சங்கத்தைக் காட்டியது. சங்கம், விளையாட்டில் அரசியலுக்கு இடமில்லை என்றது. இருவரும் எடுக்க மறுத்த முடிவு உருண்டு உருண்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், புல்வெளி ஓரம் நின்ற காவல்துறை ஆணையர் தலையில் விழுந்தது.

அறுபது ஆண்டுப் பழைய பாக்கி

தென்னாப்பிரிக்கர்கள் முதல்முறை நியூசிலாந்துக்கு வந்தது 1921இல். நேப்பியர் நகரில், நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகளின் அணியோடு ஆடி 9-8 என்று தப்பிப் பிழைத்தார்கள். கூட வந்த தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் ஊருக்குத் தந்தி அடித்தார். வெள்ளைக்காரக் கூட்டம் தன் இனத்தானை விட்டுவிட்டுக் கறுப்பு ஆட்களுக்குக் கைதட்டியதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது அதன் சாரம். தந்தி வெளியே கசிந்து பத்திரிகையில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நியூசிலாந்து ரக்பி சங்கம் செய்ததுதான் பெரிய அவமானம். 1928இல் ‘ஆல் பிளாக்ஸ்’ எனப்படும் நியூசிலாந்து தேசிய அணி தென்னாப்பிரிக்கா போனபோது, அன்றைய மிகச் சிறந்த பின்வரிசை ஆட்டக்காரரான ஜார்ஜ் நேபியா சேர்க்கப்படவில்லை. அவர் மாவோரி. 1949 பயணத்திலும் அதே கதை. அந்த முறை விடுபட்டவர்களில் ஒருவர் பென் கவுச். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960இல், மாவோரி இல்லையென்றால் பயணமும் வேண்டாம் என்ற கோரிக்கை மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அணி கிளம்பிப் போயே விட்டது. 1967 பயணத்தைச் சங்கமே கைவிட்டது. 1970இல் தென்னாப்பிரிக்கா கொஞ்சம் இறங்கிவந்து, மாவோரி ஆட்டக்காரர்களைக் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பட்டத்தோடு உள்ளே விட்டது. ஒரு மனிதனின் தோலை இரண்டு மாத விசாவுக்காக மாற்றி எழுதும் வினோதம் அது.

எதிர்ப்பின் மொழி மாறியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். எங்கள் மாவோரி வீரர்களையும் அழைத்துப் போங்கள் என்பது பழைய கோரிக்கை. 1969இல் பிறந்த ‘ஹார்ட்’ என்ற இயக்கத்தின் கோரிக்கை, இனவெறி நாட்டோடு எந்த ஆட்டமும் வேண்டாம் என்பது. மாவோரிகளைச் சேர்த்துக்கொண்டாலும் அங்குள்ள கறுப்பர் நிலை மாறப்போவதில்லையே என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு பிரிட்டனிலும், 1971இல் ஆஸ்திரேலியாவிலும் ஸ்பிரிங்பாக்ஸ் போன இடமெல்லாம் மைதானத்தைச் சுற்றி வேலி போட வேண்டியிருந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு ரக்பி அணிக்காக நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். 1981இல் நியூசிலாந்தில் நடந்தவற்றில் பெரும்பாலானவை பத்தாண்டு முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டவை. எதிர்பாராமல் நடந்தது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நிறுத்தவும் முடியும் என்பதற்கு உள்நாட்டிலேயே முன்மாதிரி இருந்தது. 1973இல் ஸ்பிரிங்பாக்ஸ் வரவிருந்தார்கள். தொழிற்கட்சிப் பிரதமர் நார்மன் கிர்க், தலையிட மாட்டேன் என்று தேர்தலுக்கு முன் சொன்னவர். நாடு அதுவரை காணாத வன்முறை வெடிக்கும் என்று காவல்துறை எழுதிக் கொடுத்ததும், பயணத்தைத் தள்ளிவைக்கும்படி சங்கத்துக்குக் கடிதம் அனுப்பினார். பயணம் நின்றது. அதற்கான விலையையும் அவர் கட்சி கொடுத்தது. 1975 தேர்தலில் தேசியக் கட்சியின் ராபர்ட் முல்டூன், ஸ்பிரிங்பாக்ஸை வரவேற்போம் என்று மேடைதோறும் பேசி வென்றார். 1981ஐப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாடம் போதும்: ரக்பியை நிறுத்திய கட்சி தோற்றது, வரவேற்ற கட்சி ஜெயித்தது.

கிளெனீகிள்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு வினைச்சொல்

1976 ஜூனில் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த மாதமே ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்கா கிளம்பிற்று. அடுத்த மாதம் மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில், நியூசிலாந்து பங்கேற்பதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் வெளியேறின. ரக்பி ஒலிம்பிக் விளையாட்டே இல்லை என்ற பதில் யாரிடமும் எடுபடவில்லை.

இந்தக் கசப்பில்தான் 1977இல் காமன்வெல்த் தலைவர்கள் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். முல்டூனும் அதில் ஒருவர். தென்னாப்பிரிக்க அணிகளோடு தம் குடிமக்கள் மோதுவதை ஊக்கமிழக்கச் செய்ய, நடைமுறையில் முடிந்த ஒவ்வொரு நடவடிக்கையையும் அரசுகள் எடுக்க வேண்டும் என்றது அது. வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். ‘தடுக்க’ என்று இல்லை, ‘ஊக்கமிழக்கச் செய்ய’ என்றே இருக்கிறது. எந்த வழியில் என்பதை அந்தந்த நாடு தன் சட்டப்படி தீர்மானிக்கலாம் என்ற வரியும் கூடவே இருக்கிறது. முல்டூன் இந்த இரண்டு இடைவெளிக்குள்ளும் வசதியாகப் படுத்துக்கொண்டார். பயணம் வேண்டாம் என்று அரசு கருதுவதாகச் சங்கத்துக்குத் தெரிவித்தாகிவிட்டது, அதோடு கடமை முடிந்தது. விசா மறுப்பது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்பது அவர் நிலை.

1980 செப்டம்பரில் சங்கம் அழைப்பை அனுப்பியிருந்தது. தலைவர் செஸ் பிளேஸி கண்ணியமான, பிடிவாதமான மனிதர். அடுத்த ஆண்டு மே 1, ஜூலை 3 ஆகிய நாட்களில் நாடு முழுக்கப் பேரணிகள் நடந்தும் அவர் அசையவில்லை. ஜூலை 6 அன்று முல்டூன் தொலைக்காட்சியில் பேசினார். உலகப் போரில் நியூசிலாந்து வீரர்களும் தென்னாப்பிரிக்க வீரர்களும் அருகருகே புதைக்கப்பட்டிருப்பதை நினைவூட்டினார். பயணத்தை நிறுத்தச் சொல்லும் பேச்சை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அதோடு நம்பிக்கை போயிற்று.

இதை நம் பக்கத்து உதாரணம் ஒன்றோடு வைத்துப் பார்க்கலாம். 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராளி தென்னாப்பிரிக்கா. சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரம். கோப்பை கைக்கெட்டும் தூரம். இந்தியா ஆட மறுத்துக் கோப்பையை விட்டுக்கொடுத்தது. ஆட்டக்காரர்களுக்கு அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் யார் மறுத்தார், எதற்காக மறுத்தார் என்பதில் குழப்பமே இல்லை.

வந்த அணியும் அதன் நிறமும்

ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃபிரேசர், அணி வரும் விமானம் தம் நாட்டில் எரிபொருள் நிரப்ப அனுமதிக்கவில்லை. அதனால் ஸ்பிரிங்பாக்ஸ் அமெரிக்கா வழியாக உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். அணித்தலைவர் வைனண்ட் கிளாசென். உதைகளில் புள்ளி குவிக்கும் நாஸ் போத்தா, மையத்தில் டேனி கெர்பர், ஓரத்தில் ரே மோர்ட் என்று பலமான அணி.

எரல் டோபியஸ் என்ற ‘கலப்பின’ வகையில் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரரும், ஏப் வில்லியம்ஸ் என்ற வெள்ளையரல்லாத துணை மேலாளரும் உடன் வந்தார்கள். டோபியஸ் அவ்வாண்டு மே மாதம் அயர்லாந்துக்கு எதிராக ஆடி, டெஸ்ட்டில், அதாவது நாடுகளுக்கிடையேயான ஆட்டத்தில், ஸ்பிரிங்பாக் சட்டை அணிந்த முதல் கறுப்பர் ஆனவர். நியூசிலாந்தில் மூன்று டெஸ்ட்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வாரநடுவே மாகாண அணிகளோடு ஆடினார். அவரைக் காட்டி விளையாட்டில் நிறவெறி தீர்ந்துவிட்டது என்று வாதிட்டார்கள். அதற்குப் பதில் தென்னாப்பிரிக்காவுக்குள்ளிருந்தே வந்தது: அசாதாரணமான சமூகத்தில் சாதாரணமான விளையாட்டு இருக்க முடியாது என்றார் இனபேதமற்ற விளையாட்டு இயக்கத்தின் ஹசன் ஹோவா. நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்த மைதானத்தில் பந்தைத் தொடலாம் என்பதெல்லாம் ‘இந்தியர்’ என்ற முத்திரையை வைத்தே அவர்களுக்கு முடிவாயிற்று.

நியூசிலாந்து அணிக்குள்ளும் விரிசல் விழுந்தது. ஆல் பிளாக்ஸ் தலைவர் கிரஹாம் மௌரி ஆட மாட்டேன் என்று ஒதுங்கினார். மைய ஆட்டக்காரர் புரூஸ் ராபர்ட்சனும் அப்படியே. தலைமை ஆண்டி டால்டனிடம் போயிற்று.

ஹாமில்டன்: எங்கே பிசகியது

ஜூலை 22, கிஸ்போர்ன், முதல் ஆட்டம். எதிர்ப்பாளர்கள் வேலியைச் சாய்க்க முயன்றார்கள், காவல்துறை தடுத்தது, ஆட்டம் 24-6 என்று முடிந்தது. வேலி பலவீனமானது என்ற தகவல் இரண்டு தரப்புக்குமே அன்று கிடைத்தது. ஒரு தரப்புதான் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

ஜூலை 25, ஹாமில்டன், வைகாட்டோ மாகாண அணியோடு ஆட்டம். சுற்றுப்பயணத்தின் போக்கைத் தீர்மானித்த இந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊர்வலம் மைதானத்தை நெருங்கியதும் ஒரு பகுதி திடீரென்று திரும்பி வேலியில் பாய்ந்தது. சாதாரணக் கம்பிவலை வேலி. கூட்டத்தின் எடையைத் தாங்கவில்லை. ஏறத்தாழ 350 பேர் உள்ளே புகுந்து, ஆடுகளத்தின் நடுவில் கைகோத்து இறுக்கமான கொத்தாக நின்றுவிட்டார்கள்.

இங்கே காவல்துறை ஒரு சின்னக் கணக்கில் சிக்கியது. கைகோத்து நிற்பவரை அடிக்காமல் அப்புறப்படுத்த வேண்டுமென்றால் முதலில் பின்னிய கையைப் பிரிக்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று காவலர் சேர்ந்து தூக்கிப் போக வேண்டும், அவர்கள் திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேரத்தில் கைதானவர்கள் சுமார் 50 பேர்தான். அதே வேகத்தில் போயிருந்தால் களம் காலியாக இருட்டிவிடும்.

இன்னொரு பக்கம், காத்திருந்த ரக்பி ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். ஆட்டம் வேண்டும் என்ற கோஷம் எழுந்தது, பாட்டில்கள் பறந்தன. காவலர் வரிசை எதிர்ப்பாளர்களைப் பார்த்தபடி நின்றது, ஆபத்து முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ரசிகர் கூட்டம் களத்தில் இறங்கினால் இடையில் நிற்கப் போதிய ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் தௌபோவிலிருந்து பாட் மெக்குவாரி என்பவர் ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு மைதானத்தை நோக்கி வருகிறார் என்ற செய்தி வந்தது. அவர் என்ன செய்ய நினைத்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நிரம்பிய அரங்கின்மேல் ஒரு விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆணையர் பாப் வால்டன் ஆட்டத்தை ரத்து செய்தார்.

தவறுகளை வரிசைப்படுத்தினால் விமானம் கடைசியில்தான் வரும். வேலி முதல் தவறு. உள்ளே புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று திட்டமே இல்லாதது இரண்டாவது. முக்கியமானது மூன்றாவது: எதிர்ப்பாளரை வெளியே வைப்பது மட்டுமே வேலை என்று காவல்துறை எண்ணியிருந்தது, கோபமுற்ற ரசிகர்களிடமிருந்து எதிர்ப்பாளரைக் காப்பதும் தன் வேலையாகும் என்று எண்ணவில்லை. ரத்து அறிவிப்புக்குப் பிறகு களத்திலிருந்து வெளியேறியவர்களை ரசிகர்கள் துரத்தித் துரத்தி அடித்தார்கள். பலருக்கு ரத்தக் காயம்.

அந்த ஆட்டம் தென்னாப்பிரிக்காவில் நேரடியாக ஒளிபரப்பாவதாக இருந்தது. விடியுமுன் எழுந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்த வெள்ளையர்கள், பந்தைப் பார்ப்பதற்குப் பதில், தம் அணிக்காக வேறொரு நாடு திணறுவதைப் பார்த்தார்கள். ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா, செய்தி எட்டியபோது சூரியன் உதித்தாற்போல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

தடி நீண்டது, கம்பி சுருண்டது

அரசு அப்போதும் பயணத்தை நிறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 29 மாலை, வெலிங்டனில் தென்னாப்பிரிக்கத் துணைத் தூதரின் வீட்டை நோக்கி ஊர்வலம் போனது. நாடாளுமன்றத்தை ஒட்டிய மோல்ஸ்வொர்த் தெருவில் காவலர் வரிசை மறித்தது. முன்வரிசையை நிற்கச் சொன்னார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது கேட்கவில்லை, தள்ளினார்கள். தடியடி விழுந்தது. நெரிசலில் முன்வரிசைக்காரர் விரும்பினாலும் பின்வாங்க முடியாது என்பது ஊர்வலம் நடத்தியவர் எவருக்கும் தெரியும். அன்று அடிவாங்கியவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறை தெருவுக்கு வந்த நடுத்தர வர்க்கத்தார். நியூசிலாந்துக் காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை. கால்சட்டைக்குள் மறைத்து வைக்கும் சிறு தடியோடு பழகிய நாடு அது. அதனால் இந்த அடி உடம்பைவிட மனதில் ஆழமாக விழுந்தது.

இதற்குப் பிறகு இரு தரப்பும் ஆயுத உலகத்துக்குள் நுழைந்தன. அணியோடு ஊர் ஊராகச் செல்ல ‘சிவப்பு’, ‘நீலம்’ என்று இரண்டு சிறப்புக் காவல் குழுக்கள் இருந்தன. முகமூடி வைத்த தலைக்கவசம் வந்தது. பக்கவாட்டில் கைப்பிடி வைத்த, சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிஆர்-24 தடி வந்தது. ஹார்ட் இயக்கத்தை முன்னின்று நடத்திய ஜான் மின்டோவின் பெயரால் நீளத்தடிக்கு ‘மின்டோ பார்’ என்று காவலர்களிடையே பட்டப்பெயர் புழங்கிற்று. ராணுவத்தினர் முள்கம்பிச் சுருள்களை விரித்தார்கள். பெரிய இரும்புக் குப்பைத்தொட்டிகளும் சரக்குப் பெட்டகங்களும் தெருக்களை அடைத்தன. ஸ்பிரிங்பாக்ஸ் விடுதியை விட்டு மைதானக் கட்டடத்துக்குள்ளேயே படுக்கை போட்டுத் தூங்கிய இரவுகளும் உண்டு. காலையில் தெருவைக் கடப்பதே பெரும்பாடு என்பதால் அந்த ஏற்பாடு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் பொறுப்பான காவல்துறை அமைச்சர் யார் தெரியுமா? பென் கவுச். மாவோரி என்பதற்காக 1949இல் தென்னாப்பிரிக்கா போகவிடாமல் நிறுத்தப்பட்ட அதே முன்னாள் ஆல் பிளாக். பயணத்தை அவர் ஆதரித்தார். இதை முரண் என்று ஒரே சொல்லில் கடந்துபோவது எளிது. ரக்பி என்றால் அந்தத் தலைமுறைக்கு என்னவாக இருந்தது என்பதையும் அது காட்டுகிறது.

எதிர்ப்பாளர்கள் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்டுக்கொண்டார்கள். சட்டைக்குள் பஞ்சும் அட்டையும், கையில் ஒட்டுப்பலகைக் கேடயம். வரிசை ஒழுங்குக்குத் தொண்டர்கள், முதலுதவிக்குத் தனிக் குழு. உத்தியும் மாறியது. முள்கம்பிக்குள் புக முடியாது என்றானதும், கம்பிக்கு வெளியே காவல்துறையை இழுத்துப் பரத்துவது என்று முடிவாயிற்று. ஆட்டங்கள் பெரும்பாலும் புதன், சனிக்கிழமைகளில். ஆட்டமில்லாத ஊர்களிலும் அதே நாளில் நெடுஞ்சாலை மறியல் நடந்தால் எல்லா ஊருக்கும் ஆள் அனுப்ப முடியாது. இந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. டிமாருவில் ஆகஸ்ட் 19 அன்று நடக்கவேண்டிய ஆட்டத்தை, அந்த மைதானத்தைக் காக்க முடியாது என்று காவல்துறையே கழித்துவிட்டது.

இடையில் கொஞ்சம் ரக்பி

நெல்சனில் ஸ்பிரிங்பாக்ஸ் 83-0 என்று உள்ளூர் அணியை அரைத்தார்கள். டனீடினில் ஒடாகோ 17-13 வரை நெருக்கியது. முதல் டெஸ்ட், ஆகஸ்ட் 15, கிறைஸ்ட்சர்ச் லங்காஸ்டர் பார்க்: நியூசிலாந்து 14-9. இரண்டாவது, ஆகஸ்ட் 29, வெலிங்டன்: தென்னாப்பிரிக்கா 24-12, அதில் 20 புள்ளி நாஸ் போத்தாவின் காலிலிருந்து வந்தவை. அன்று காலை ரிண்டூல் தெருவில் மைதான வாசலை மறித்தவர்களுக்கும் காவலர்களுக்கும் கடும் மோதல்.

இவற்றுக்கு நடுவே ஆகஸ்ட் 25, நேப்பியர். தந்தி அடிக்கப்பட்ட அதே ஊர், மீண்டும் மாவோரி அணி. ஆட்டம் 12-12. கடைசியில் கோலின் பெக், பந்தைத் தரையில் விட்டு எகிறும்போது உதைத்து அடித்த டிராப் கோல்தான் தென்னாப்பிரிக்காவைக் காப்பாற்றியது. அது கம்பத்துக்கு உள்ளே போனதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இந்த ஆட்டத்தில் மாவோரிகள் இறங்கியிருக்கவே கூடாது என்று மாவோரிகளில் ஒரு பகுதியினர் கோபப்பட்டார்கள். ஸ்பிரிங்பாக்ஸோடு மோதி நிரூபிக்க வேண்டியதை நிரூபிப்போம் என்றார்கள் மற்றவர்கள்.

ஈடன் பார்க், செப்டம்பர் 12

மூன்றாவது டெஸ்ட், ஆக்லாந்து. தொடர் 1-1. தரைவழி முழுக்க அடைபட்டிருந்ததால் எதிர்ப்பு வானத்துக்குப் போயிற்று. மார்க்ஸ் ஜோன்ஸ் ஒரு வாடகை செஸ்னா 172ஐ ஓட்ட, கிராண்ட் கோல் கதவோரம் உட்கார்ந்து மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் தீச்சுடர்களையும் வீசினார். கம்ப உயரத்துக்குத் தாழ்ந்து தாழ்ந்து ஐம்பது முறைக்கு மேல் மைதானத்தைக் கடந்தார்கள். ஒரு மாவுப் பொட்டலம் ஆல் பிளாக்ஸ் முன்வரிசைக்காரர் கேரி நைட்டின்மேல் விழுந்து அவரைச் சாய்த்தது. ஒரு கிலோ மாவும் அந்த வேகத்தில் விழுந்தால் கல்தான்.

ஹாமில்டனில் விமானம் வருகிறது என்ற செய்தியே ஆட்டத்தை நிறுத்தியது. இங்கே விமானம் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்க ஆட்டம் நடந்தது. இரண்டுக்கும் இடையே ஏழு வாரம். முதலில் யாருக்கும் தாங்க முடியாததாக இருந்த அபாயம், ஏழு வாரத்தில் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிப் போனது. விமானத்தைச் சுட்டு வீழ்த்த வழியில்லை: விழும் இடம் நெரிசலான வீடுகளாகவோ அரங்கமாகவோதான் இருக்கும். வேல்ஸ் நடுவர் கிளைவ் நார்லிங் தொடர்ந்து நடத்தினார். இரு அணித் தலைவர்களும் நிறுத்த விரும்பவில்லை.

ஆட்டமும் அதற்கேற்ற பரபரப்பு. ரே மோர்ட் மூன்று டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவது) போட்டு 22-22 ஆக்கினார். டிரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையான போத்தாவின் கன்வெர்ஷன் தவறியது. போயிருந்தால் தொடரே தென்னாப்பிரிக்காவுக்கு. கூடுதல் நேரத்தில் நார்லிங் நியூசிலாந்துக்கு ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தார். டக் ரோலர்சன் சட்டென்று தட்டிக்கொண்டு ஓடினார். தென்னாப்பிரிக்கர் பத்து மீட்டர் பின்வாங்கவில்லை என்று அது பெனால்டி ஆயிற்று. ஆலன் ஹியூசன் உதைத்தார், 25-22. தென்னாப்பிரிக்காவில் நார்லிங்கின் பெயர் நெடுநாள் வசைச் சொல்லாக இருந்தது.

வெளியே தெருக்களில் கல்வீச்சு, கார் கவிழ்ப்பு. ‘பட்டு’, ‘பிகோ’, ‘டூட்டு’ என்று பெயரிட்டுக்கொண்ட மூன்று எதிர்ப்பு அணிகள் வெவ்வேறு திசையில் நகர்ந்தன. அந்த நாளின் மிக அசிங்கமான நிகழ்ச்சி வேறு. கோமாளி வேடமும் வண்டு வேடமும் போட்டு நின்ற சிலரைக் காவலர் கடுமையாக அடித்தார்கள். கவசமும் ஒரே உடையும் அணிந்த காவலர்களில் அடித்தது யார் என்று அடையாளம் காட்ட முடியாமல், எவரும் தண்டிக்கப்படவில்லை. முகத்தை மறைக்கும் கவசம் கொடுக்கும்போதே மேலே எண் எழுதியிருக்க வேண்டும். கலவரத் தடுப்புக்கு அது பாலபாடம்.

வீடு திரும்பும் வழியில் ஸ்பிரிங்பாக்ஸ் அமெரிக்காவில் மூன்று ஆட்டம் ஆடினார்கள். நியூயார்க் மாநில ஆளுநர், அல்பனி நகரில் நடக்கவிருந்த ஆட்டத்தைத் தடுக்க முயன்றார், நீதிமன்றம் அனுமதித்தது, அந்த அனுமதியை நிறுத்திவைக்க மறுத்தவர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். கடைசி டெஸ்ட் கிளென்வில் என்ற இடத்தில் ஒரு போலோ திடலில் ரகசியமாக நடந்தது. தென்னாப்பிரிக்கா 38-7. பார்த்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம்.

பிறகு வந்த பில்

நவம்பர் 28 தேர்தலில் தொழிற்கட்சி சற்று அதிக வாக்கு வாங்கியது. ஆட்சி முல்டூனுக்கே, 92இல் 47 இடம். சிறுநகர, கிராமப்புறத் தொகுதிகளில் ரக்பி அவருக்குக் கைகொடுத்தது என்பது பொதுவான கணிப்பு. வெளியுலகில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஆக்லாந்தில் நடக்கவேண்டிய காமன்வெல்த் நிதியமைச்சர்கள் கூட்டம் பஹாமாஸின் நாசாவுக்கு மாற்றப்பட்டது.

நாட்டுக்குள் எழுந்த கேள்வி இன்னும் கூர்மையானது. ஏழு கடல் தாண்டிய கறுப்பனுக்காகத் தடியடி வாங்குகிறீர்கள், இங்கே நாங்கள் இழந்த நிலத்துக்கு எத்தனை பேர் வந்தீர்கள் என்று மாவோரிப் போராளிகள் வெள்ளைத் தோழர்களைக் கேட்டார்கள். ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயிண்டில் நிலத்துக்காக உட்கார்ந்த மாவோரிகளைக் காவல்துறை அப்புறப்படுத்தி மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. மாவோரிகளின் முறையீடுகளைக் கேட்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 1985இல், பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தான 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் பெற்றதற்கு 1981 ஒன்றே காரணமில்லை. ஆனால் அந்தக் கேள்வி பொதுக் காதில் விழுந்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்கு விடை எதிர்பாராத மூலையிலிருந்து வந்தது. 1985இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்கா போக ஏற்பாடு. டேவிட் லாங்கியின் தொழிற்கட்சி அரசு வேண்டாம் என்றும் சங்கம் கேட்கவில்லை. ஆக்லாந்து ரக்பி கிளப் உறுப்பினர்களான இரண்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் நிறவெறியைப் பற்றி அதிகம் வாதாடவில்லை. சங்கத்தின் விதிமுறையையே எடுத்து வைத்தார்கள்: ரக்பியை வளர்ப்பதும் பரப்புவதும் சங்கத்தின் நோக்கம் என்று அதில் இருக்கிறது, 1981க்குப் பிறகு இப்படி ஒரு பயணம் ரக்பியை வளர்க்குமா அழிக்குமா? ஜூலையில் நீதிபதி கேசி இடைக்காலத் தடை விதித்தார். பயணம் நின்றது. எட்டாண்டுக்கு முன் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தத்தால் முடியாததை ஒரு சங்கத்தின் உட்பிரிவு செய்து முடித்தது.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1986இல் ‘கவலியர்ஸ்’ என்ற பெயரில் தாமாகவே தென்னாப்பிரிக்கா போனார்கள். 1985 அணிக்குத் தேர்வானவர்களில் போக மறுத்தவர்கள் இருவர்: டேவிட் கிர்க், ஜான் கிர்வான். கவலியர்ஸ் தலைவர், 1981இல் ஆல் பிளாக்ஸை நடத்திய அதே ஆண்டி டால்டன். திரும்பியதும் அவர்களுக்கு இரண்டு டெஸ்ட் தடை. காலியான இடத்தில் இளைஞர் அணி ஒன்று களமிறங்க, கிர்க் தலைமை ஏற்றார்.

அடுத்த ஆண்டு முதல் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பில்லை. தலைவராக நியமிக்கப்பட்ட டால்டன் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1987 ஜூன் 20 அன்று ஈடன் பார்க்கில் கோப்பையை வாங்கிய கிர்க், கோட்டும் டையுமாக நின்றிருந்த டால்டனைக் கூப்பிட்டு, கோப்பையின் ஒரு காதை அவர் கையில் கொடுத்தார்.